முப்பத்தொன்பதாம் அளவு

மூடி கொஞ்சம் நசுங்கிய அட்டைப்பெட்டி ஒன்று.
பழுப்புக் காகிதம் இரண்டு முழம்,
மீன்கடை ரைமோன்ட்ஸ் சுருளிலிருந்து கிழித்துக் கொடுத்தது.
காசு வாங்கவில்லை,
வாடையையும் சேர்த்தே கொடுத்தான்.
ஆளிநார் நாடா, சாம்பல் நிறம், ஒன்றரை மீட்டர்.
(ஒன்றேகால்தான் தேறும் என்று அவள் அளக்கும்போதே தெரியும்.)
மாவுப்பசை. இருபக்க ஒட்டுநாடா.
ஒரு உருளைக்கிழங்கு.

லியெபாயாவில் டிசம்பர் என்றால்
நாலு மணிக்கே விளக்கு.
டிராமைப் பணிமனையில் விட்டுவிட்டு வந்து
கோட்டைக்கூடக் கழற்றாமல்
கிழங்கை இரண்டாக வெட்டினேன்.
அதன் ஈர முகத்தில் எட்டு முனை நட்சத்திரம் செதுக்கப் பார்த்தேன்.
ஆறாவதில் கத்தி வழுக்கி
ஏழோடு நின்றது.
வெள்ளைச் சாயத்தில் தோய்த்துக் காகிதமெங்கும் ஒற்றினேன்,
வானத்தில் மட்டும் எல்லாம் எண்ணியா கிடக்கிறது.

உள்ளே வைக்கப்போவது கம்பளிச் செருப்பு,
அடியில் இரட்டை நமுதா.
மாடிவீட்டுக் குண்டெகாவுக்கு.
அவள் மரச்செருப்பு அதிகாலை மூன்றரைக்கு
என் நெற்றிக்கு மேலே
அடுப்படி போகும், குளியலறை போகும்,
எதையோ மறந்து திரும்பவும் அடுப்படி போகும்.

முதலில் கடிதம்தான் எழுதினேன்.
'அன்புள்ள குண்டெகா, உங்கள் செருப்பு...'
அதற்கு மேல் பேனா நகரவில்லை.
அவள் ரொட்டிச் சூளையில் வேலை செய்கிறவள்.
அவள் மூன்றரைக்கு எழுவதால்தான்
நான் ஏழு மணிக்குக் கறுப்பு ரொட்டி தின்கிறேன்.
வாயில் வைத்துக்கொண்டே எப்படித் திட்டுவது?

அதனால் இந்த அலங்காரம்.
வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதென்றால்
பழம் நல்ல பழமாக இருக்க வேண்டும்.
மூலைகளை நகத்தால் நீவி நீவி மடித்தேன்.
மெல்லிய தாளைக் கசக்கி உள்ளே மெத்தை போட்டேன்.
காய்ந்த ஆரஞ்சு வில்லை ஒன்று, தளிர் ஸ்ப்ரூஸ் குச்சி ஒன்று,
நாடாவின் முடிச்சில் செருகினேன்.
மீன்வாடைக்கு இரண்டு கிராம்பு.
புகார் என்று யாரும் சொல்லமாட்டார்கள்,
புதுமணப்பெண் மாதிரி இருந்தது.

பதினான்கு படி ஏறி
அவள் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு
திருட்டுப்பூனையாய் இறங்கி வந்தேன்.

மேசையைத் துடைக்கும்போதுதான்
கத்தரிக்கோலைக் காணோம்.
நாற்காலிக்கு அடியில் பார்த்தேன், மாவு டப்பாவில் பார்த்தேன்,
வெட்கம்கெட்டுக் குளிர்பெட்டியிலும் பார்த்தேன்.
பிறகு நினைவு வந்தது.
மெல்லிய தாள் எழும்பாமலிருக்க
அதன்மேல் பாரமாக வைத்தது.
வைத்தபடியே மூடியது.

ஊசி என்றா சொன்னேன்?

கூரான பொருளைப் பரிசளித்தால்
உறவு அறுந்துபோகும் என்பது இங்கே பேச்சு.
வாங்கியவர் ஒரு காசு கொடுத்துவிட்டால்
பரிசு வியாபாரமாகிவிடும், தோஷமில்லை.
ஏறிப்போய் எடுத்துவரலாமென்றால்
மேலே கதவு திறந்து மூடிவிட்டது.

படியில் காலடி எதுவும் கேட்கவில்லை.
நேரே என் கதவு தட்டப்பட்டது. தூக்கிவாரிப்போட்டது.
கம்பளிச் செருப்போடு குண்டெகா நின்றாள்,
முழங்கைவரை மாவு.
நாடாவை வெட்டவில்லை,
முடிச்சவிழ்த்து விரலில் சுருட்டி வைத்திருந்தாள்.
"பெட்டியைத் திறக்கும் கோலைப்
பெட்டிக்குள்ளேயா வைப்பார்கள்?"
என் உள்ளங்கையில் ஐந்து சென்ட் வைத்து அழுத்தினாள்.
செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
கோலையும் திருப்பித் தரவில்லை.

மறுநாள் மூன்றரைக்கு
ஒரு சத்தமும் இல்லாததால் விழித்துக்கொண்டேன்.
உத்தரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.
ரொம்ப நேரம் கழித்து,
மேலே,
நறுக் நறுக்கென்று காகிதம் வெட்டும் ஓசை.
என் கத்தரிக்கோல்தான், அந்தத் திருகாணி முனகல் எனக்குத் தெரியும்.

என்னிடமிருந்து எந்தச் சத்தம்
அவளுக்குப் போகிறதோ.